வீட்டிலிருந்து போகும் காணொளி: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான இணையவழிப் பயிற்சி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மையாக்கப்பட்ட எழுத்துவடிவம்)



ஓட்டிசம் மூளை வளர்ச்சியோடு சேர்ந்து வரும் ஒரு வேறுபாடு. பிள்ளை பிறரோடு பார்வையாலும் சைகையாலும் பேச்சாலும் தொடர்பு கொள்ளும் விதத்தில் அது தெரியும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதிலும், ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் மற்றவர்களைவிடக் கூடவோ குறையவோ உணர்வதிலும் தெரியும். அதை நீக்கும் மருந்து கிடையாது. சிறு வயதில் கிடைக்கும் உதவி பெரும்பாலும் மனிதர் பிள்ளையோடு செலவிடும் நேரமாகவே அமைகிறது. மூன்று வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் எண்பது மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறது. நிபுணர் ஒருவரோ அந்தப் பிள்ளையை மாதத்தில் அரை மணி நேரம் பார்த்தாலே பெரிது. மீதி நேரம் தாயிடமும் அம்மம்மாவிடமும் தமக்கையிடமும் இருக்கிறது. பெற்றோர் பயிற்சி என்ற துறை இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

கொவிட் காலத்துக்குப் பின் அந்தப் பயிற்சி இணையத்துக்கு வந்துவிட்டது. பாடக் காணொளிகள் குவிகின்றன. சூம் வகுப்புகள் நடக்கின்றன. வட்ஸ்அப் குழுக்களில் ஆலோசனைகள் சுற்றுகின்றன. இவற்றில் எது பிள்ளைக்குப் பயன்படுகிறது என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. நிபுணரிடமிருந்து வீட்டுக்கு வரும் காணொளியைவிட, வீட்டிலிருந்து பயிற்சியாளரிடம் போகும் காணொளிதான் பயிற்சியின் உயிர்ப்பகுதி என்பது உரையின் வாதம். குடாநாட்டில் பணமும் ஆளும் அந்தத் திசையிலேயே இடப்பட வேண்டும்.

1. பழி சுமந்த பெற்றோர்

1943இல் பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தத் துறையின் கதை தொடங்குகிறது. பிறரோடு உறவாடுவதில் உள்ள இந்த இடர்ப்பாடு பிறவியிலேயே அமைந்தது என்று அவர் எழுதினார். அதே கட்டுரையில், இப்பிள்ளைகளின் பெற்றோரில் இளகிய மனத்தினர் மிகச் சிலரே என்றும் குறித்துவைத்தார். பின்வந்தோர் முதலாவதை விட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டனர். 1967இல் புரூனோ பெத்தல்ஹைம் எழுதிய நூல், தாயின் அன்பின்மையே காரணம் என்ற எண்ணத்தை அமெரிக்கா எங்கும் பரப்பியது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றுகூட அக்காலத்தில் கருதப்பட்டது.

இதை உடைத்தவர்களில் ஒருவர் ஓட்டிசமுள்ள மகனின் தந்தை. உளவியலாளரான பேர்னாட் றிம்லண்ட் 1964இலேயே, காரணம் உடலியல் சார்ந்தது என்று ஒரு நூலில் வாதிட்டிருந்தார். வட கரோலைனாவில் எரிக் ஷொப்லரும் ரொபேட் றைக்லரும் 1971இல் பெற்றோரைத் துணைச் சிகிச்சையாளர்களாகச் சேர்த்துக்கொண்ட முறையை வெளியிட்டனர். மறு ஆண்டே அந்த மாநிலம் முழுவதற்குமான 'டீச்' திட்டம் அதிலிருந்து தொடங்கியது.

நமது பக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் 'நம்பிக்கை நிலையம்' பிள்ளையோடு குடும்பத்தையும் தங்கவைத்துப் பயிற்றுவதில் பேர்பெற்றது. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்குத் தரப்பட்ட பயிற்சியைப் பரிசோதித்து வேலூர்க் குழு 1999இலேயே ஆய்வு வெளியிட்டது. டெல்லியில் 'அக்‌ஷன் ஃபோர் ஓட்டிசம்' அமைப்பை நிறுவிய மெரி பருவாவும் ஒரு தாய்தான். அவ்வமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வந்து பயிலும் மூன்று மாதத் திட்டத்தை நடத்தியது. வைத்தியத்துக்காகக் கடல் கடந்து போய்வரும் யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு இந்த வகைப் பயிற்சி புதிதன்று. ஆனால் மூன்று மாதம் வீட்டை விட்டுத் தங்கக் கூடியவர்கள் சிலரே.

குடாநாட்டில் இப்பழி வேறு உருவில் உலவுகிறது. கர்ப்பகாலத்தில் தாய் எதைச் சாப்பிட்டாள், எதைப் பார்த்துப் பயந்தாள், ஏன் வேலைக்குப் போனாள் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நாவூறு கழித்துப் பார்ப்பதில் யாருக்கும் தீங்கில்லை. அதையே நம்பி இரண்டு வருடம் காத்திருப்பதில் தீங்குண்டு. "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்", "தகப்பனும் மூண்டு வயசிலைதான் கதைச்சவர்" என்ற ஆறுதல் மொழிகள் நல்லெண்ணத்தில் பிறந்தவை. விலைமதிப்புள்ள மாதங்களைத் தின்பவையும் அவையே.

2. பயிற்சிக்குள் வேலை செய்வது எது

பெற்றோர் பயிற்சி என்ற பெயரில் பல பொருள்கள் விற்கப்படுவதால், நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பிரித்தானியாவில் 'பாக்ட்' எனப்படும் முறை 152 பாலர்களிடம் சோதிக்கப்பட்டு 2010இல் 'லான்செட்' இதழில் வெளியானது. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைச் சிகிச்சையாளர் படம்பிடிப்பார். பிறகு இருவரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். தாய் தவறிய இடங்களைச் சிகிச்சையாளர் தேடுவதில்லை. பிள்ளை மெல்லத் திரும்பிப் பார்த்த கணத்தையும், தாய் அதைக் கண்டு பதில் கொடுத்த கணத்தையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். அடுத்த பதினைந்து நாளும் வீட்டில் எதைத் தொடர்வது என்று இருவரும் முடிவெடுப்பார்கள். முறை இவ்வளவுதான்.

முதல் முடிவுகள் ஏமாற்றம் தந்தன. பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பதில் கொடுப்பது தெளிவாகக் கூடியிருந்தது. ஓட்டிசத்தின் தீவிர அளவில் மட்டும் உறுதியான வேறுபாடு இருக்கவில்லை. ஏறத்தாழ ஆறு வருடங்கள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோதுதான் பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளில் அந்தத் தீவிரம் குறைந்திருந்தது தெரிந்தது. அந்த முடிவு 2016இல் வெளியானது. மூன்று மாதத்தில் பேச்சு வரும் என்று விளம்பரம் செய்வோரிடம் இந்த ஆறு வருடக் கதையைச் சொல்லலாம்.

அதே 2016இல் தெற்காசியாவுக்கு மிகவும் வேண்டிய ஓர் ஆய்வும் வந்தது. கோவாவில் 'சங்காத்' அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் குழுவும் பாக்ட் முறையை நம் பக்கத்துக் குடும்பங்களுக்கேற்ப மாற்றி 'பாஸ்' என்று பெயரிட்டன. 2 முதல் 9 வயது வரையான 65 பிள்ளைகள் பங்கேற்றனர். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள் நடந்தன. நடத்தியவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே நடத்தினர். பெற்றோரின் இசைவான பதில் கூடியது. பிள்ளை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனம் வைத்திருக்கும் நேரம் மட்டும் குறைந்தது. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள், ஆகவே மற்ற முடிவுகளையும் நம்பலாம்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் 50 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 12 வாரத்தில் 5 அமர்வுகளே இருந்தன. வெளிநோயாளர் பிரிவின் நெரிசலுக்குள் செய்யக் கூடிய அளவு அது. அவ்வளவிலும் பயன் காணப்பட்டது.

இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழுவும், 18 முதல் 40 மாத வயதுப் பிள்ளைகளுக்கு முழுக்க வீட்டிலேயே நடத்தப்பட்ட பயிற்சியின் விளைவை மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் அளந்து 2016இல் வெளியிட்டது. முன்னேற்றம் தெளிவாக இருந்தது. ஒப்பிடப்பட்ட குழுவினர் வயதில் மூத்த பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

இவற்றில் மிகக் கவனமாகச் சோதிக்கப்பட்ட பாக்ட், பாஸ் இரண்டிலும் பாடம் குறைவு. பெற்றோரும் பிள்ளையும் விளையாடியதை இன்னொருவர் பார்த்து, பேசி, அடுத்த படியைக் குறிப்பதே அதிகம். இந்த உரை பிடித்துக்கொள்வது அதைத்தான்.

3. இணையம் எதைச் சுமக்கும்

2014 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஓட்டிசம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் பின் உலக சுகாதார நிறுவனம் பராமரிப்போருக்கான திறன் பயிற்சி ஒன்றை உருவாக்கியது. 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உரியது அது. 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்டது. நிபுணர் அல்லாதோரே நடத்தலாம். 2022இல் அதன் இணையப் பாடவடிவம் இலவசமாக வெளியானது. பாடங்கள் தரமானவை. ஆயினும் இணைய வடிவத்தில் அந்த மூன்று வீட்டு வருகைகளும் இல்லாமற் போகின்றன. எளிய பணத்தில் பெரிய எண்ணிக்கையைக் காட்ட விரும்பும் திட்டங்கள் முதலில் வெட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூக் இங்கர்சோல் குழு செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. 28 பெற்றோர் ஒரே இணையப் பாடத்தைப் பெற்றனர். ஒரு பாதியினர் தாமாகவே படித்தனர். மறு பாதியினருக்குக் காணொளி அழைப்பில் ஒரு பயிற்சியாளரும் இருந்தார். இரு பகுதியினரும் முன்னேறினர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வெறும் பாடமும் வீண் போகவில்லை. ஆனால் முறையைச் செவ்வையாகக் கையாளும் திறன் பயிற்சியாளர் இருந்த பகுதியில் கூடுதலாக வளர்ந்தது. பிள்ளைகளின் சமூகத் திறனில் முன்னேற்றம் அந்தப் பகுதியில் மட்டுமே காணப்பட்டது. 28 என்பது சிறிய எண். ஆயினும் பாக்ட், பாஸ் ஆய்வுகள் காட்டிய திசையையே அதுவும் காட்டுகிறது.

இணையப் பயிற்சியில் மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்ளலாம். பதிவு செய்த பாடம் அறிமுகத்துக்குப் போதும். சூம் குழு வகுப்பு, தனித்துப்போன தாய்க்கு இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற தெம்பைத் தரும். அந்தப் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மூன்றாவது, தாய் தன் கைத்தொலைபேசியில் மூன்று நான்கு நிமிடம் எடுத்து அனுப்பும் விளையாட்டுக் காணொளியைப் பயிற்சியாளர் பார்த்து, அதன் மேல் அவரோடு கதைப்பது. பாக்ட் முறையில் சிகிச்சையாளரின் கமரா செய்த வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. உண்மையில் கூடுதல் நன்றாகவே செய்கிறது. அந்நியர் வீட்டுக்குள் வந்தால் பிள்ளையின் நடத்தை மாறும். அலுமாரி மேல் சாய்த்துவைத்த போனை அது திரும்பியும் பாராது.

4. குடாநாட்டின் தூரங்கள்

2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5.8 இலட்சம் பேர் இருந்தனர். ஓட்டிசத்தின் பரவல் பற்றி இலங்கையில் அடிக்கடி சொல்லப்படும் எண் 93இல் ஒன்று. பெரேரா குழு அரைநகர்ப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது வந்தது. அந்த 374 பேரில் கண்டறியப்பட்டவர்கள் 4 பேர். மேடைகளில் முழங்கப்படும் ஓர் எண் நான்கு பிள்ளைகளில் நிற்கிறது என்பதைச் சபையோர் கவனிக்க வேண்டும். ஆயினும் உலகின் பிற பகுதிகளில் கிடைக்கும் எண்களுக்கு அது முரணானதன்று. அப்படிப் பார்த்தால் முந்நூறு மாணவர் படிக்கும் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மூவரை எதிர்பார்க்கலாம்.

இவர்களுக்கான நிபுணர்கள் யாழ்ப்பாண நகரைச் சுற்றியே இருக்கின்றனர். போதனா வைத்தியசாலை நகரில் இருக்கிறது. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. கோண்டாவிலில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் பாடசாலை போன்ற இடங்கள் பெரும் பணி செய்கின்றன. ஆனால் நெடுந்தீவுத் தாய் குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரம் படகில் வந்து, அங்கிருந்து பஸ் எடுத்து நகரை அடைய வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. மருதங்கேணிப் பக்கத்தில் படகு வேண்டாம், பஸ்ஸே அரிது. இரைச்சலும் நெரிசலும் தாங்காத பிள்ளையோடு இந்தப் பயணம் செய்து சேரும்போது, பிள்ளை தன் மிக மோசமான நிலையில் வைத்தியர் முன் உட்காரும். வைத்தியர் காண்பது அந்தப் பயணத்தின் விளைவை.

மொழி இன்னொரு தூரம். நாட்டின் பேச்சுச் சிகிச்சையாளர்களை நீண்ட காலம் உருவாக்கி வந்தது ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். அவர்களில் தமிழில் பணி செய்யக் கூடியவர்கள் தேவைக்கு மிகக் குறைவு. ஒலிகளைத் திருத்துவதை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சமாளிக்கலாம். தாயும் பிள்ளையும் கொஞ்சிக் கதைப்பதை வைத்து நடக்கும் பயிற்சியை அப்படிச் சமாளிக்க முடியாது. புலம்பெயர்ந்த உறவினர் "இங்கிலிஷிலை மட்டும் கதையுங்கோ, அப்பதான் குழம்பாது" என்று வைபரில் சொல்லும் அறிவுரையையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசமுள்ள பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் கொஞ்சச் சொன்னால் கொஞ்சல்தான் குறையும். பிள்ளை யூடியூப்பில் கேட்ட ஆங்கிலப் பாட்டை அப்படியே ஒப்பிக்கும்போது வீடு மகிழ்கிறது. அந்த ஒப்பித்தல் யாரை நோக்கி, எதற்காக என்பதைப் பார்க்க வேண்டும்.

இணைப்பு அறுவது பற்றிச் சொல்லாமல் இணையம் பற்றிப் பேச முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருந்த ஒரே போனை மூத்த பிள்ளையின் வகுப்பு எடுத்துக்கொண்டது. நேரடி வகுப்பு இத்தகைய நாட்களில் முதலில் விழும். எடுத்து வைத்து, டேட்டா இருக்கும்போது அனுப்பப்படும் காணொளி காத்திருக்கும். வட்ஸ்அப் அதைத் தானே சுருக்கியும் அனுப்பும். பயிற்சியாளர் தன் நேரத்தில் பார்த்து, குரல்பதிவாகப் பதில் போடலாம். வறிய வீட்டுக்கு எது எட்டும் என்று பார்த்தாலும் வீட்டிலிருந்து போகும் காணொளியே முன்னிற்கிறது.

5. வீட்டுக்குள் கற்பது

பயிற்சியின் உள்ளடக்கத்துக்குத் தனி அறையோ விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளோ வேண்டியதில்லை. நாளாந்த வேலைகளே பாடம்.

கிணற்றடிக் குளிப்பை எடுத்துக்கொள்ளலாம். "ஒண்டு" என்று ஒரு வாளி ஊற்றுகிறாள் தாய். "ரெண்டு" என்று அடுத்தது. மூன்றாவது வாளியைத் தூக்கிப் பிடித்தபடி பேசாமல் நிற்கிறாள். அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். அந்த எதிர்பார்ப்பில் ஒரு பார்வையோ ஒரு முனகலோ வாளியை நோக்கிய கையோ வெளிப்படலாம். வெளிப்பட்டவுடன் "மூண்டு!" என்று தண்ணீர் விழுகிறது. தொடர்பு என்பது பலன் தரும் வேலை என்று பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது. பாக்ட் முறையில் பழகிய செயலும் அதன் எதிர்பார்ப்பும் ஒரு தனிப்படியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன.

இதில் கடினமானது அந்தப் பேசாமல் நிற்றல். ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி காத்திருந்ததாகத் தாய் நம்புவாள். தன் காணொளியைப் பார்க்கும்போது அது ஒரு விநாடியாக இருந்தது தெரியும். எந்தப் பாடமும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. தன்னையே திரையில் பார்க்கும்போது யாரும் சொல்லாமலே விளங்கும்.

முறுக்குப் போத்தல் இன்னொரு பாடம். உள்ளே இருப்பது தெரியும்படியான போத்தலை மூடி இறுக்கிப் பிள்ளையிடம் கொடுத்தால், திறந்து தரும்படி கேட்க ஒரு காரணம் உண்டாகும். கையில் கொண்டுவந்து கொடுப்பதும் கேட்டலே. ஆனால் கூட்டாக வாழும் வீட்டில் அம்மம்மா போத்தலைத் திறந்து வாயிலேயே ஊட்டிவிடுவார். பிள்ளை கேட்கு முன் அதன் பசியறிவதைத் தன் பெருமையாகக் கொண்ட தலைமுறை அது. தாய் மட்டும் பயிற்சி பெற்று வந்தால் மருமகள்-மாமி, மகள்-தாய்ப் பூசல்தான் மிச்சம். அம்மம்மாவும் அந்தக் காணொளியில் இருக்க வேண்டும், பயிற்சியாளரோடு கதைக்கவும் வேண்டும். அவரது நேரமும் பொறுமையும் திட்டத்துக்குக் கிடைத்தால் அதைவிடப் பெரிய வளம் வேறில்லை.

குடாநாட்டின் கல்விப் பற்றும் விளையாட்டுக்குள் வந்துவிடுகிறது. காரை உருட்டும் பிள்ளையிடம் "இது என்ன? என்ன நிறம்? எத்தனை சில்லு?" என்று கேள்விகள் அடுக்கப்படும். பரீட்சையை இவ்வளவு மதிக்கும் சமுதாயத்தில் பாலர் விளையாட்டும் பரீட்சையாகிவிடுவதில் வியப்பில்லை. பிள்ளை முகம் திருப்பிக்கொள்ளும். பயிற்சி கேட்பது வேறு: பிள்ளை சில்லைச் சுற்றினால் தாயும் அருகில் இன்னொரு சில்லைச் சுற்றி "சுத்துது... சுத்துது" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். ஆய்வுகள் இசைவு என்று அளந்தது இதைத்தான். பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதன் மேல் ஒரு சொல்லே ஏற்ற வேண்டும். "பால்" என்றால் "பால் வேணும்".

அடம்பிடித்தல், தலையை இடித்தல் போன்றவற்றுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பார்க்கப் பெற்றோர் பழக வேண்டும். கடைக்கு முன் அலறிய பிள்ளைக்கு பிஸ்கற் கிடைத்ததா, அல்லது கடையின் இரைச்சலிலிருந்து விடுதலை கிடைத்ததா? அலறல் ஒன்றுபோலவே கேட்கும். செய்ய வேண்டியது இரண்டுக்கும் வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஊர்க்கோயில் ஒலிபெருக்கிகளுக்கோ நாட்கணக்கே இல்லை. தவிலும் வெடியும் தாங்காத பிள்ளையைத் தேர் நாளன்று கூட்டத்துக்குள் கொண்டுபோய்ப் "பழக்குவது" கொடுமை. கொடியேற்றத்துக்கு முன் ஒரு நாள் வெறும் வீதியில் நடப்பது, பிறகு சிறிய பூசை ஒன்றுக்குப் பத்து நிமிடம் நிற்பது, வேண்டுமானால் காதுக்கு மூடி போடுவது என்று படிப்படியாகவே போகலாம். எப்போது திரும்ப வேண்டும் என்பதைப் பிள்ளையின் முகத்தில் படிக்கவும் தாய் பழகிக்கொள்வாள்.

6. காணொளியைப் பார்ப்பவர் யார்

வீடுகளிலிருந்து காணொளி வருமாயின் அதைப் பார்க்க ஆள் வேண்டும். திட்டத்தின் செலவு அங்கேதான் விழும், செயலியில் அன்று.

முன்பள்ளி ஆசிரியைகள், பாடசாலைகளின் விசேட கல்வி அலகு ஆசிரியர்கள், உளசமூகப் பணியாளர்கள் ஆகியோரிலிருந்து பயிற்சியாளர்களை எடுக்கலாம். நிபுணர் அல்லாதோரைப் பயிற்றுவிப்பது இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று. போர்க்காலத்தில் தயா சோமசுந்தரம், சிவயோகன் முதலிய மனநல வைத்தியர்கள் ஆசிரியர்களுக்கும் கிராமமட்டப் பணியாளர்களுக்கும் உளவளப் பயிற்சி கொடுத்தே பெரும் தேவையைச் சமாளித்தனர். குடும்பநல உத்தியோகத்தரின் பங்கு வேறு. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நிறையைக் குறிக்கும் பக்கம் நிரம்பியிருக்கும் அளவுக்கு அந்தப் பக்கமும் நிரம்பினால், ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக் காட்டாத பிள்ளையும், வந்த சொல்லை இழந்த பிள்ளையும் இரண்டு வயதுக்குள் தெரிய வருவார்கள். அந்த உத்தியோகத்தர் ஏற்கெனவே சுமக்கும் வேலைக்கு மேல் பயிற்சியையும் ஏற்றக் கூடாது.

ஒரு கணக்குப் போடலாம். பாஸ் முறையில் அமர்வு பதினைந்து நாளுக்கொரு முறை. பத்துக் குடும்பங்களை ஏற்கும் பயிற்சியாளருக்கு வாரத்தில் ஐந்து அமர்வு. காணொளி பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு வேலைநாள். அத்தகைய எட்டுப் பயிற்சியாளரை ஒரு நிபுணர் வாரம் ஒருமுறை இணையத்தில் கூட்டி, அவர்கள் நடத்திய அமர்வின் காணொளியையே போட்டுப் பார்த்து வழிநடத்தினால் எண்பது குடும்பங்கள். நிபுணர் தாமே நேரில் எண்பது குடும்பங்களைப் பதினைந்து நாளுக்கொரு முறை பார்ப்பதை எந்த வைத்தியசாலையாலும் செய்ய முடியாது. மேற்பார்வை இல்லாத பயிற்சியாளர் சில மாதங்களிலேயே அறிவுரை சொல்பவராகிவிடுவார். ஆகையால் இந்த இரண்டாம் அடுக்கை வெட்டினால் முதல் அடுக்கும் நிற்காது.

மேற்பார்வைக்கான நிபுணர் குடாநாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டொரொண்டோவின் ஸ்காபரோவில் கீதா மூர்த்தி 2008இல் தொடங்கிய தெற்காசிய ஓட்டிச நிலையம் போன்ற இடங்களில் தெற்காசியக் குடும்பங்களோடு பழகிய அனுபவம் திரண்டிருக்கிறது. தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் இலண்டனிலும் சிட்னியிலும் உண்டு. புலம்பெயர்ந்தோர் உதவி என்றாலே ஐபாட் வாங்கி அனுப்புவது என்றாகிவிட்டது. படம் தொட்டுக் கதைக்கும் பிள்ளைக்கு அது உண்மையிலேயே வாயாக அமையும். மற்றப்படி அதுவும் ஒரு கார்ட்டூன் பெட்டி. அதே பணம் ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு மாதாந்தப் படியாகப் போனால் பத்துக் குடும்பங்களுக்கு ஆறு மாதம் ஆள் கிடைக்கும். வெளிநாட்டில் இருக்கும் தகப்பனும் இந்த ஒழுங்கில் உள்ளே வரலாம். அமர்வு நடக்கும்போது சூரிச்சிலிருந்து அவரும் இணைந்து அந்த மூன்று நிமிடக் காணொளியைப் பார்த்தால், "பிள்ளையை நீதான் கெடுத்தாய்" என்ற தொலைபேசிச் சண்டைகள் சில குறையலாம்.

7. எல்லைகளும் பதிவுகளும்

இணையவழியில் செய்யக் கூடாதவையும் உண்டு. பேச்சுப் பிந்திய எந்தப் பிள்ளைக்கும் முதலில் கேட்டல் பரிசோதனை நேரில் நடக்க வேண்டும். வலிப்பு ஓட்டிசத்தோடு சேர்ந்து வரக் கூடியது. அந்த ஐயம் எழுந்தால் காணொளி எடுத்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தன்னையே காயப்படுத்தும் பிள்ளைக்கும், இருக்கும் திறனை இழந்துவரும் பிள்ளைக்கும் அப்படியே. பெற்றோர் பயிற்சி பாடசாலையில் இடம் தராது, சிகிச்சையாளர் பதவிகளை நிரப்பாது. பெற்றோரே பார்த்துக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் கைகழுவ இது சாட்டாகவும் கூடாது.

தாயின் சுமை பற்றித் தனியே சொல்ல வேண்டும். சமையல், தோட்டம், மூத்த பிள்ளையின் ரியூசன், முதியோர் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் மேல் "சிகிச்சை" என்ற வேலையும் அவள் தலையில் ஏறுகிறது. ஒரு நாள் பயிற்சி செய்யாவிட்டால் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டதாக வருந்துகிறாள். பழைய பழி புது உடையில் வருகிறது. குளிப்பும் சாப்பாடும்போல் எப்படியும் செய்ய வேண்டியவற்றுக்குள் பயிற்சியை வைப்பது இதனால்தான். உறக்கமின்மையும் அழுகையும் நீடிக்கும் தாய்க்கு அவளுக்கென்றே மனநல உதவி வேண்டும். பிள்ளையின் பயிற்சியைச் சில வாரம் நிறுத்திவைத்தாலும் பரவாயில்லை.

கடைசியாகப் பதிவுகள். மேலே சொன்ன கிணற்றடிக் குளிப்பைப் படம்பிடிக்கக் கூடாது. உடையில்லாப் பிள்ளையின் படம் எந்த நோக்கத்துக்காகவும் போனில் இருக்கலாகாது. அந்தப் பயிற்சியைத் தாய் வாயால் விவரித்தாலே போதும். படம் எடுக்க முற்றத்து விளையாட்டும் சாப்பாட்டு நேரமும் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் வரும் காணொளி பெறுபவரின் போனில் தானாகவே சேமிக்கப்படுவதால், பயிற்சியாளருக்கு அந்த வேலைக்கென்றே ஒரு போன் கொடுத்து, தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவைக்க வேண்டும். சின்ன ஊரில் ஒரு காணொளி உறவினர் குழுவுக்குப் போய்ச் சேர ஒரு மாலை போதும். அக்காவின் கலியாணப் பேச்சுவரை அது தொடரக் கூடும் என்ற பயத்தினாலேயே பதிவுக்கு மறுக்கும் குடும்பங்கள் உண்டு, அவர்கள் மறுப்பதில் நியாயமும் உண்டு. அமர்வு முடிந்தபின் எத்தனை நாளில் பதிவு அழிக்கப்படும், மேற்பார்வையாளரைத் தவிர யார் பார்ப்பார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். மற்றப் பெற்றோருக்குக் காட்டவென்று ஒரு பதிவை வைத்திருப்பதானால் அதற்குத் தனியே சம்மதம் பெற வேண்டும். பிள்ளை வளர்ந்து, பேசியோ எழுதியோ படத்தைச் சுட்டியோ தன் விருப்பத்தைத் தெரிவிக்கக் கூடிய நாளில் அந்தச் சம்மதத்தை அதனிடமே மறுபடி கேட்க வேண்டும்.